ஓயாது பறக்கும் உழவாரன்

மாலை வேளையில் பழைய கட்டடங்களுக்கு மேலே, கீச்சொலி எழுப்பியவாறு கூட்டமாய் வட்டமிடும் சிறு கரிய பறவைகளைக் கண்டிருப்பீர்கள். அவற்றைக் குருவிகள் என்று எண்ணுவோர் பலர். அவை நாட்டு உழவாரன்கள்.

இப்பறவை ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுடையது. உடல் கருமை; தொண்டையும் பிட்டமும் வெண்மை. இறக்கைகள் நீண்டு அரிவாள்போல் வளைந்திருக்கும். இதைப் போலவே தோன்றும் தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக அமரும். உழவாரனோ அவ்வாறு அமராது. ஏன்? அதன் கால்கள் மிகக் குட்டையானவை. நான்கு விரல்களும் முன்னோக்கியவை. ஆகவே சுவரில் நகங்களால் தொற்றிக்கொள்ள முடியுமேயன்றிக் கம்பியைப் பற்றி அமர முடியாது. இதன் பேரினப் பெயரான ‘ஏபஸ்’ என்பதற்குக் கிரேக்க மொழியில் ‘காலற்றது’ என்பதே பொருள்.

எனவே உண்பதும் நீர் அருந்துவதும் பறந்தபடியேதான். அகன்ற வாயைத் திறந்து ஈ, ஈசல், சிறகுள்ள எறும்பு, சிறு வண்டு ஆகியவற்றைப் பிடிக்கிறது. குஞ்சுகளுக்காகப் பிடித்தவற்றைத் தொண்டையில் சேர்த்து, எச்சிலால் உருண்டையாக்கிக் கொண்டுவருகிறது. ஐரோப்பாவிலுள்ள இதன் உறவினப் பறவை பத்து மாதங்கள்வரை தரையிறங்காமல் பறப்பதை, சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2016இல் கண்டறிந்தனர்.

காற்றில் மிதந்துவரும் இறகுகளையும் வைக்கோலையும் சேகரித்து, எச்சிலால் ஒட்டி, கூரையடியிலும் கோபுர இடுக்குகளிலும் நாட்டு உழவாரன் கூடு கட்டுகிறது. முட்டையிடும் காலம் முடிந்த பின்னும் இரவில் அதிலேயே தங்குகிறது. இதன் இனத்தைச் சேர்ந்த பனை உழவாரனோ பனையோலை மடிப்பில் கூட்டை ஒட்டுகிறது. பனை நிறைந்த நம் இராமநாதபுரம் மாவட்டம் அதற்கு ஏற்ற வாழ்விடமன்றோ?

ஆனால், வெள்ளையடிக்கும்போது கூடுகளை ‘அழுக்கு’ என்று துடைப்பத்தால் தட்டிவிடுகிறோம். சிட்டுக்குருவிக் குஞ்சு ஏறக்குறைய இரண்டு வாரங்களில் கூட்டை விட்டுப் பறந்துவிடும். உழவாரன் குஞ்சுக்கோ ஒரு மாதத்திற்கு மேல் வேண்டும். கூடு இழந்த பறவை மரக்கிளையில் தங்கிக்கொள்ளவும் இயலாது. பனைமரம் வீழ்ந்தால் பனை உழவாரனுக்கும் இதே கதிதான். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என 2021இல் தமிழக அரசு அறிவித்தது, மரத்தோடு இப்பறவைக்கும் நன்மையே.

தோழியரே! நம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன் கூரையடியைச் சற்று நிமிர்ந்து பார்ப்போம். அங்கே குஞ்சுகள் இருப்பின், அவை பறக்கும்வரை பொறுத்திருக்குமாறு பெரியோரிடம் வேண்டுவோம். கூலி கேளாமல் நாள்தோறும் பூச்சிகளைப் பிடிக்கும் பறவைக்கு, கூரையின் ஒரு மூலையை விட்டுக்கொடுப்பது பெரிய செயலன்று.