9எச் கோட்டிங்: பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

புது கார் டெலிவரி எடுக்கப் போனா, செராமிக் கோட்டிங் பேச்சு கண்டிப்பா வரும். "இது 9எச் மேடம், கீறலே விழாது"ன்னு சொல்வாங்க. தலையாட்டுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ தங்கச்சி.

அந்த 9எச், பென்சில் கணக்கு. படம் வரையறவங்க எச்பி, 2எச், 4எச்னு பென்சில் வச்சிருப்பாங்களே, அதே வரிசை. களிமண் கூடினா முனை கெட்டி, கிராஃபைட் கூடினா மெதுசு. ஐஎஸ்ஓ 15184ங்கிற சோதனை முறையில பென்சிலை 45 டிகிரி சாய்ச்சு, 750 கிராம் பாரத்தோட பூச்சு மேல தள்ளுவாங்க. எந்தப் பென்சில் வரைக்கும் தடம் விழலையோ அதுதான் மதிப்பு. அந்தச் சோதனையோட வரிசை 9எச்சோட முடியுது. யாராவது 10எச்னு சொன்னா, எந்தச் சோதனையிலன்னு கேளு.

இதை மோஸ் அளவோட போட்டுக் குழப்பிக்காதே. அது கனிமங்களுக்கான வரிசை. டால்க் 1, வைரம் 10. 9எச்னதும் வைரத்துக்கு ஒரு படிதான் கீழேன்னு பலரும் நம்பிடறாங்க, அங்கேதான் பணம் போகுது. ரோட்டுப் புழுதியில இருக்கிற மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கணக்குல 7. எந்தப் பென்சில் முனையும் அதுகிட்ட நிக்காது. அதனால 9எச் வண்டியையும் காய்ஞ்ச துணியால தூசி தட்டினா கோடு விழத்தான் செய்யும்.

இன்னொண்ணு, சோதனையை எது மேல பண்ணினாங்கங்கிறதும் முக்கியம். கண்ணாடித் தகடு மேல கிடைச்ச எண், அதைவிட மெதுசான கார் பெயிண்ட் மேல அப்படியே கிடைக்காது. கோட்டிங்கோட கனம் பெரும்பாலும் சில மைக்ரான்தான். இட்லி மேல அப்பளத்தை வச்சு அழுத்திப் பாரு, அப்பளம் எவ்வளவு மொறுமொறுப்பா இருந்தும் நொறுங்கிடும்.

அதுக்காக கோட்டிங்கே வீண்னு சொல்ல மாட்டேன். தண்ணி நிக்காம வழியும், அழுக்கு அவ்வளவா ஒட்டாது, பளபளப்பு நாள்பட நிக்கும். பறவை எச்சத்தைச் சீக்கிரம் கழுவிட்டா கறை பிடிக்காது. ஹைவேயில தெறிக்கிற ஜல்லிக்குத்தான் இது சரிப்படாது. அதுக்கு பிபிஎஃப்னு ஒரு பாலியூரிதேன் படலம் இருக்கு. விலை கூட. சுமார் 150, 200 மைக்ரான் கனம், மெதுவா இருக்கிறதாலேயே அடியை வாங்கிக்கும்.

கடையில எச் எண்ணை விட்டுட்டு வேற கேளு. கோட்டிங்குக்கு முன்னாடி பெயிண்டைப் பாலிஷ் பண்ணிச் சுருள் கோடுகளை எடுப்பாங்களா? இல்லேன்னா அந்தக் கோடுகள் பூச்சுக்கு அடியிலேயே தங்கிடும். வாரன்ட்டியில கீறல் உண்டா? எழுத்துல வாங்கிக்கோ.

கழுவும்போது முதல்ல தண்ணி பீச்சி மண்ணை இறக்கிடு. ஷாம்பூ தண்ணிக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. போர் தண்ணியை வெயில்ல காய விட்டா வெள்ளைப் புள்ளி பிடிக்கும். கோட்டிங் இருந்தாலும் பிடிக்கும். நிழல்ல நிறுத்திக் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடு. வண்டி துடைக்கிற வாட்ச்மேன் அண்ணாகிட்ட காய்ஞ்ச துணியால துடைக்க வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிடு.