கால் எட்டாத மோட்டார் சைக்கிள்

கோவை காந்திபுரத்தில் சிக்னல் விளக்கு சிவப்பாகும்போது ஓரமாக நின்று, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் கால்களை மட்டும் கவனியுங்கள். சிலர் இரு பாதங்களையும் தரையில் பதித்து நிம்மதியாக நிற்பார்கள். சிலரோ விரல் நுனியால் தரையைத் தொட்டுக்கொண்டு தள்ளாடுவார்கள். வண்டி ஓடும்வரை உயரக் குறைவால் தொல்லையில்லை, நின்றவுடன்தான் தொல்லை. இருநூறு கிலோகிராம் அளவு நிறையுள்ள வண்டி சற்றே சாய்ந்துவிட்டால், விரல் நுனியால் அதைத் தாங்கிப் பிடிக்க இயலாது.

இதற்குப் பலர் நாடும் வழி, பின்பக்க ஷாக் அப்சார்பரைக் குட்டையாக்கி வண்டியைத் தாழ்த்துவது. லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத கொங்கு நாட்டில் இது அரை நாள் வேலை. கருவிப்பெட்டி வைத்திருப்பவர்கள் வீட்டு வாசலிலேயே செய்துவிடுகிறார்கள். செய்யலாமா, கூடாதா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஹிமாலயன் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் இருக்கை உயரம் 800 மி.மீ. இரு சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 1465 மி.மீ. பின்சக்கரம் மேலும் கீழும் 180 மி.மீ. அசையும். ஓட்டுபவர் 152 செ.மீ. உயரமுள்ளவர் என்க. அவருக்கு இருக்கை 30 மி.மீ. தாழ்ந்தால் போதும்.

பின்பக்கத்தை 30 மி.மீ. இறக்கினால் இருக்கையும் 30 மி.மீ. இறங்கிவிடுமா? இறங்காது. வண்டியை ஒரு நெம்புகோலாக எண்ணிப் பாருங்கள். முன்சக்கர அச்சு அசையாமல் இருக்க, பின்முனை மட்டும் இறங்குகிறது. ஓட்டுபவர் அமரும் இடம் முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 1000 மி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், அங்கே இறக்கம் 30 × 1000 ÷ 1465, அதாவது சுமார் 20 மி.மீ. மட்டுமே. இருக்கை 30 மி.மீ. இறங்க வேண்டுமானால் பின்பக்கத்தை 44 மி.மீ. இறக்கியாக வேண்டும். பட்டறைக்காரரிடம் "ஒண்ணேகால் அங்குலம் இறக்குங்க" என்று சொன்னவர், வீடு திரும்பியபின் "அவ்வளவாகத் தெரியலையே" என்று குறைப்படுவதன் காரணம் இதுதான்.

இன்னொரு செய்தி. ஹிமாலயன் போன்ற வண்டிகளில் பின்னால் ஒரே ஷாக் அப்சார்பர்தான். அது இணைப்புத் தகடுகள் வழியாகச் சக்கரத்தைத் தாங்குகிறது. இவ்வமைப்பில் ஷாக் அப்சார்பர் ஒரு மி.மீ. குட்டையானால் சக்கரம் இரண்டு மூன்று மி.மீ. இடம் மாறும். எனவே தகட்டின் துளையைச் சிறிது தள்ளிப் போட்டாலும் விளைவு பெரிதாக இருக்கும். கண்ணால் மதிப்பிட்டுச் செய்யும் வேலையன்று இது.

இறக்கிய 44 மி.மீ. எங்கிருந்து வந்தது? சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இருந்த வெற்றிடத்திலிருந்து வந்தது. சக்கரம் 180 மி.மீ. அசைந்த இடத்தில் இனி 136 மி.மீ. மட்டுமே பாதுகாப்பாக அசையலாம். நான்கில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் சுருள்வில் சேமிக்கும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். 136-ஐ 180-ஆல் வகுத்து இருமடி ஆக்குங்கள், 0.57 வருகிறது. (இணைப்புத் தகடுகளின் நுணுக்கத்தை இங்கே விட்டுவிட்டேன்.) குழியில் விழும்போது பின்பக்கம் தாங்கக்கூடிய அதிர்ச்சியில் நூற்றுக்கு நாற்பத்துமூன்று பங்கு போய்விட்டது! மிகுந்த அதிர்ச்சியில் டயர் மட்கார்டில் இடிக்கும். அல்லது முழு அடியும் முதுகெலும்பில் இறங்கும்.

சிலர் சுருள்வில்லின் இரண்டு சுற்றுகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பத்துச் சுற்று வில்லில் இரண்டைக் குறைத்தால் அது மென்மையாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கம்பியின் நீளம் குறையக் குறைய அதை முறுக்குவது கடினமாகும்; வில்லின் விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. பத்து எட்டானால் விறைப்பு ஒன்றே கால் மடங்கு ஆகும். வெட்டும்போது ஏறும் சூட்டில் எஃகின் பதமும் கெட்டுவிடக்கூடும். இந்த முறையை யார் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

இனி முன்பக்கம். பின்பக்கம் 44 மி.மீ. இறங்கினால் வண்டி முழுவதும் ஏறத்தாழ 1.7 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. கைப்பிடி திரும்பும் அச்சும் அதே அளவு சாய்கிறது. அந்த அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய்த் தரையை எட்டும். இந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். அச்சின் சாய்வு 26 டிகிரி என்றும், சக்கர அச்சு அதற்கு 45 மி.மீ. முன்னே இருப்பதாகவும் கொண்டு 21 அங்குல முன்சக்கரத்துக்குக் கணக்கிட்டால், டிரெயில் 120-லிருந்து 132 மி.மீ. ஆகிறது. நேர்ச்சாலையில் இது நல்லதே. வண்டி அலையாமல் போகும். ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும், கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் எண்ணிப் பாருங்கள். மெதுவாக, கூர்மையாகத் திரும்பும் இடத்தில் கைப்பிடி கனக்கும். யாருக்காக வண்டியைத் தாழ்த்தினோமோ, அந்தச் சிறிய உருவத்தினருக்குத்தான் இது கூடுதல் சுமை.

வளைவிலே வேறொன்றும் உண்டு. 12 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் திரும்ப வண்டி சுமார் 30 டிகிரி சாய வேண்டும். கால்மிதி முன்னைவிடத் தாழ்ந்திருப்பதால் சாய்வதற்குள்ள இடம் ஓரிரு டிகிரி குறையும். சைடு ஸ்டாண்டையும் மறக்கக் கூடாது. வண்டி இறங்கியபின் ஸ்டாண்டு அதற்கு நீளமாகிவிடுகிறது. வண்டி சாயாமல் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. சிறு காற்றோ, ஒரு சிறுவனின் கையோ பட்டால் மறுபக்கம் விழுந்துவிடும். ஸ்டாண்டையும் வெட்டி ஒட்டவைக்க வேண்டும். செயின் தொய்வு, முன்விளக்கின் குறி இவற்றையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

அப்படியானால் குட்டையானவர்கள் என்ன செய்வது? வில்லை விட்டு இருக்கைக்கு வாருங்கள்! கால் நேராகத் தொங்குவதில்லை. இருக்கையின் அகலம் அதை விரித்துவிடுகிறது. 75 செ.மீ. நீளமுள்ள கால் செங்குத்திலிருந்து 20 டிகிரி விரிந்தால், உயரத்தில் 4.5 செ.மீ. வீணாகிறது. இருக்கையின் முன்மூக்கைச் சீவி விரிவை 12 டிகிரியாக்கினால் வீணாவது 1.6 செ.மீ. மட்டுமே. மிச்சம் 29 மி.மீ.! பின்பக்கத்தை 44 மி.மீ. இறக்கிப் பெற்றதற்கு இது ஏறக்குறைய சமம். டிரெயில் மாறவில்லை, வில் மாறவில்லை, ஸ்டாண்டும் மாறவில்லை. என் கருத்தில் லேத் பட்டறைக்கு முன் சீட் தைக்கும் கடைக்குத்தான் போகவேண்டும். அதே நிறுவனம் 2023-இல் வெளியிட்ட புதிய ஹிமாலயனும் இவ்வழியையே பின்பற்றியது: 825 மி.மீ. இருக்கையை 845-க்கு உயர்த்தலாம்; தனியாகக் கிடைக்கும் தாழ்ந்த இருக்கையில் உயரம் 805 மி.மீ.

அடுத்தது வில்லின் முன்னழுத்தம். சிறிய உருவத்தினர் பெரும்பாலும் எடையும் குறைந்தவர்கள். 75 கிலோ மனிதருக்காக அமைக்கப்பட்ட வில்லின்மேல் 45 கிலோ உள்ளவர் அமர்ந்தால் வண்டி அவருக்கு அவ்வளவாக அமுங்காது. வித்தியாசமான 30 கிலோவில் அறுபது விழுக்காடு பின்சக்கரத்தில் விழுந்தால் அது ஏறத்தாழ 176 நியூட்டன். சக்கரத்தில் அளந்த விறைப்பு மி.மீ.-க்கு 20 நியூட்டன் எனில், வண்டி அவருக்கு 9 மி.மீ. உயரமாகவே நிற்கும். அவர் குட்டை, வண்டியோ அவருக்கு மட்டும் நெட்டை! ஷாக் அப்சார்பரின் வளையத்தைக் கீழ்ப்படிக்குத் திருப்பினால் இது ஓரளவு சரியாகும். ஒன்றை நினைவில் வையுங்கள்: வளையத்தைத் திருப்புவதால் வில்லின் விறைப்பு மாறுவதில்லை, நிற்கும் உயரம் மட்டுமே மாறுகிறது. "டைட் வச்சா ஸ்பிரிங் கட்டியாயிடும்" என்று பட்டறையில் சொல்வது பாதிதான் சரி.

இவ்வளவு செய்தும் போதவில்லையா? அப்போதுதான் வண்டியை இறக்க நினைக்க வேண்டும். அதுவும் முன்னும் பின்னும் ஒரே அளவில். முன் போர்க் குழாய்களைக் கவ்விகளுக்குள் மேலேற்றி, பின்பக்கத்துக்கு அதற்கென்றே செய்த குட்டையான ஷாக் அப்சார்பரைப் பொருத்தினால் சாய்வுக் கோணம் மாறாது, இருக்கையும் முழு அளவு இறங்கும். இருக்கும் ஷாக் அப்சார்பரை வெட்டி ஒட்டுவது வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் நல்லது.

உங்களுக்கு 18 வயது நிரம்பி உரிமம் கிடைக்கும்வரை இந்த வண்டிகளை ஓட்ட முடியாது. அளந்து பார்க்கத் தடையில்லை. அப்பாவின் வண்டியை ஒருவர் நிமிர்த்திப் பிடிக்கட்டும். பின் அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு சுண்ணக்கட்டிக் குறி இட்டு, அந்த உயரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். பிறகு அப்பாவை அமரச் சொல்லி அளவெடுங்கள், அதன்பின் அம்மாவை. இரண்டு இறக்கங்களையும் அவர்களுடைய எடைகளையும் வரைபடத்தில் குறித்து, 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி உங்கள் வீட்டு வண்டிக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பாருங்கள்.