தாளைக் குழலாகச் சுருட்டும் பொறி: வேகத்தைவிட இழுப்பே முக்கியம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் தொழிலகங்களில் பல வாரம் பாடுபட்டு முடித்த தோல், கடைசி மேசையில் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. மெருகேற்றிய தோலை மடித்துக் கட்டினால் மடிப்புக் கோடு விழும். காலணிக்கு வெட்டுபவர் அந்தக் கோட்டை விலக்கித்தான் வெட்டியாக வேண்டும், அந்த அளவுக்குத் தோல் வீண். அதனால்தான் நல்ல தோலைத் தாள்குழலின் மேல் சுருட்டி அனுப்புகிறார்கள். குழல் நேராகவும் உருண்டையாகவும் இருந்தால்தான் இந்த ஏற்பாட்டுக்குப் பயன் உண்டு. பெரிய தாளைத் தானாகச் சுருட்டும் சிறு பொறியை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். அதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் மோட்டாரின் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தாளின் இழுப்பைப் பற்றி. சுருளும் நேரம் முழுக்கத் தாள் ஒரே அளவு இறுக்கத்தில் இருந்தால் மெதுவான பொறியும் நல்ல குழலைத் தரும். இறுக்கம் மாறினால் எவ்வளவு விலை கொடுத்த பொறியும் கோணல் குழலைத்தான் தரும்.

தாளின் வலிமை சுற்றில் இருக்கிறது என்பதற்குப் பெரிய சான்றுகள் உண்டு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், 1995ஆம் ஆண்டு கோபே நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்குத் தாள்குழல்களைச் சுவராக நிறுத்தி வீடு கட்டினார். 2001இல் குஜராத்தின் பூஜ் நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கும் அதே முறையில் வீடு எழுந்தது. ஒற்றைத் தாள் தன் எடையையே தாங்காமல் தொங்கும். அதே தாள் இடைவெளியில்லாமல் அடுக்கடுக்காக ஒட்டிச் சுருண்டால் சுமை தாங்கும். அடுக்குகளுக்கு இடையே காற்று நின்றால் அந்த வலிமை வராது. காற்றை வெளியேற்றுவது இழுப்பும் அழுத்தமும்தான்.

முதல் படி, தாளின் ஓட்டத்தை அறிவது. ஆலையில் தாள் உருவாகும்போது இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. இழை ஓடும் திசை குழலின் நீளவாக்கில் அமைந்தால் தாள் எளிதாக வளையும், குழலும் நீளவாக்கில் விறைப்பாக நிற்கும். குறுக்கே அமைந்தால் தாள் முரண்டுபிடித்து விரியப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என ஒரே அளவில் இரண்டு பட்டைகளை வெட்டி, ஒரு முனையைப் பிடித்து நீட்டிப் பாருங்கள். விறைப்பாக நிற்கும் பட்டையில் இழை நீளமாக ஓடுகிறது; தொங்கும் பட்டையில் குறுக்காக ஓடுகிறது. தாள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால், முந்தைய நாளே அதைப் பொறி இருக்கும் அறையில் வைத்துவிடுங்கள். கிடங்கிலிருந்து எடுத்த கையோடு சுருட்டினால் ஓரங்கள் அலையலையாக நெளியும்.

இரண்டாம் படி, அளவைக் கணக்கிடுவது. ஆட்டுத் தோலுக்கு ஏற்ற 900 மி.மீ. நீளக் குழலை எடுத்துக்கொள்வோம். உள்ளே சுழலும் அச்சுக்கு 75 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி குழாய் போதும். அதன் சுற்றளவு ஏறத்தாழ 236 மி.மீ. 1,200க்கு 900 மி.மீ. அளவுள்ள ஒரு கிராஃப்ட் தாள் அதன்மேல் சுமார் 5 சுற்று வரும். நிமிடத்துக்கு 30 சுற்று ஓடும் கியர் மோட்டார் பொருத்தினால் ஒரு தாள் 10 நொடியில் சுருண்டுவிடும். இதற்கு மேல் வேகம் தேவையில்லை. கெட்டியான குழல் வேண்டுமானால் அடுத்தடுத்து நான்கு தாள்களைச் சேர்க்கலாம். சுற்றச் சுற்றக் குழல் பருப்பதால் ஏறத்தாழ 19 சுற்று வரும். அச்சுக்கு இரும்புக் குழாய் வேண்டாம். கடுக்காய், ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலில் இரும்புத் துரு பட்டால் கறுப்புக் கறை விழும். அச்சிலிருந்து உதிரும் துரு குழலுக்குள் ஒட்டிக்கொண்டு தோல்வரை போகும்.

மூன்றாம் படி, பொறியை அமைப்பது. அச்சின் ஒரு முனை மோட்டாரோடு இணைந்திருக்கட்டும். மறு முனையைத் தாங்கும் பேரிங், குழலை உருவி எடுக்க வசதியாக விலகித் திறக்கட்டும். அச்சின் நீளத்துக்கு 3 மி.மீ. அகலத்தில் ஒரு வெட்டு இருந்தால் தாளின் முன் விளிம்பை அதில் செருகிப் பிடிக்கலாம். அச்சுக்கு 200 மி.மீ. முன்னால் கம்பளித் துணி சுற்றிய இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். தாள் அவற்றுக்கு இடையே நுழைந்து வர வேண்டும். மேல் பலகையில் வைக்கும் மணல் பைதான் இழுப்பின் அளவுகோல். பலகைக்கும் அச்சுக்கும் நடுவே, தாளின் அடிப்பக்கத்தைத் தொடும்படி பசை உருளை; தாள் அச்சின் மேல்புறமாக ஏறிச் சுருள, அதன்மேல் ரப்பர் சுற்றிய அழுத்து உருளை.

நான்காம் படி, ஓட்டுவது. முதல் தாளில் முன் 300 மி.மீ. வரை பசை படக் கூடாது. பட்டால் குழல் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே பசை உருளையை நெம்புகோலால் இறக்கி வைத்திருந்து, முதல் சுற்று முடிந்ததும் உயர்த்துங்கள். அச்சுக்குச் சற்று முன்னால் தாளைத் தொட்டபடி ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கட்டும். தாளின் வால் கடந்ததும் அதன் நாக்கு விழும். அதன்பின் 2 நொடி, அதாவது ஒரு முழுச் சுற்று, ஓடி மோட்டார் நிற்கும்படி டைமரை இணையுங்கள். அந்தக் கடைசிச் சுற்றில் அழுத்து உருளை விளிம்பை ஒட்டிவிடும். குழலின் முனையில் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள் அடுக்கு தொலைநோக்கிபோல் வெளியே நகர்ந்தால் இழுப்பு போதவில்லை, மணலைக் கூட்டுங்கள். குழல் அச்சிலிருந்து உருவ வராவிட்டால் இழுப்பு அதிகம், குறையுங்கள். முடிந்த குழல்களை நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். வெயிலில் ஒருபக்கம் முந்திக் காய்ந்தால் குழல் வளையும். ஈரம் முழுக்கப் போகாத குழலில் தோலைச் சுற்றினால் பூஞ்சை பிடிக்கும்.

கையால் சுருட்டினால் ஆகாதா என்று கேட்பது நியாயமே. பத்துக் குழலுக்குக் கை போதும். ஆனால் இரண்டு கைகளின் பிடி ஒன்றுபோல் இருப்பதில்லை. நேரம் ஆக ஆகப் பிடி தளர்கிறது, குழல் ஒருபக்கம் கூம்பாகிறது. பலகையின் பிடி காலையிலும் மாலையிலும் ஒன்றே. ஆயத்தக் குழலை வாங்கிவிடலாமே என்பது அடுத்த கேள்வி. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் தேவைப்படுபவர்கள் வாங்குவதே சரி. தோலின் அளவு ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறும் சிறு தொழிலகத்துக்கு, தேவைப்பட்ட அன்று தேவைப்பட்ட நீளத்தில் செய்துகொள்ளும் வசதி பெரிது. பொறி வந்தால் ஆளுக்கு வேலை போகாதா என்ற அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். தாளின் ஓட்டம் பார்ப்பது, விளிம்பைச் செருகுவது, மணலைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் கண்ணும் கையும் அறிந்தவரின் வேலையாகவே இருக்கின்றன. சுற்றுவதும் நிற்பதும் மட்டுமே பொறிக்குப் போகின்றன.

அந்தக் கைகளைக் காப்பதும் பொறி செய்பவரின் கடமை. அழுத்து உருளையும் அச்சும் சேரும் இடம் விரலை உள்ளே இழுக்கும். அங்கே 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி விடாத தடுப்புத் தகடு வையுங்கள். காலை எடுத்ததும் நிற்கும் கால் சுவிட்ச், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு நிறுத்து பொத்தான், முறையான எர்த் இணைப்பு ஆகியவை இல்லாமல் பொறியை ஒரு நாளும் ஓட்டாதீர்கள். இந்தப் பகுதியின் தொழிலகங்களில் உழைப்பவர்களில் பெண்கள் ஏராளம். சேலை முந்தானையும் துப்பட்டாவும் அச்சில் சிக்காதபடி சுழலும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். நிமிடத்துக்கு 30 சுற்றே போதும் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். மெதுவாகச் சுற்றும் அச்சில் இழுப்பு சீராக நிற்கிறது. ஏதேனும் சிக்கினால் நிறுத்தவும் நேரம் கிடைக்கிறது.