பட்டியலில் இல்லை என்றால் கிளவுடிலும் இல்லையா?

கிளவுடில் நம் நிறுவனத்துக்கு என்னென்ன இருக்கிறது என்று பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதிப் பட்டியல் எடுப்பது இன்று அன்றாட வேலை. அமேசானுக்கு போட்டோ3 என்ற லைப்ரரி இருக்கிறது. கூகுளும் அஷூரும் தங்களுக்கென்று கிளையண்ட் லைப்ரரிகளைத் தருகின்றன. எடுத்த பட்டியலை நம்பித்தான் செலவைக் குறைக்கிறார்கள், பாதுகாப்புத் தணிக்கையில் கையெழுத்திடுகிறார்கள். லைப்ரரியோ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கேள்வியில் நாம் எதை விட்டோம் என்று சுட்டிக்காட்டாது. அதனால் சில நம்பிக்கைகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: பிழை எதுவும் வராமல் நிரல் ஓடி முடிந்தால் பட்டியல் முழுமையானது.

உண்மை: இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். அமேசானின் இசி2 சர்வர்களைக் கேட்கும்போது பதில் ஒரு ரீஜனுக்கு மட்டுமே வரும். மும்பை ரீஜனை அமைத்து ஓட்டினால், 2022இல் தொடங்கிய ஹைதராபாத் ரீஜனில் இருக்கும் சர்வர் ஒன்றுகூடத் தெரியாது. எச்சரிக்கையும் வராது. 2019 மார்ச்சுக்குப் பிறகு வந்த ரீஜன்களை ஒவ்வொரு கணக்கிலும் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும், ஹைதராபாத்தும் அப்படிப்பட்டதே. இன்னொரு குழு அதை இயக்கியிருந்தால் உங்கள் பழைய நிரலுக்கு எப்படித் தெரியும்? ரீஜன் பெயர்களைக் கையால் எழுதி வைக்காமல், கணக்கில் எவை இயங்குகின்றன என்று ஏபிஐயிடமே கேட்டு, ஒவ்வொன்றாகச் சுற்றி வர வேண்டும்.

அடுத்தது பக்கங்கள். ஆர்டிஎஸ் டேட்டாபேஸ்களைக் கேட்டால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 தான் வரும். எஸ்3 பக்கெட்டில் உள்ள கோப்புகள் என்றால் 1,000. மிச்சம் இருக்கிறது என்பதற்கு ஒரு டோக்கனோ மார்க்கரோ பதிலோடு வரும். அதைப் பார்க்காத நிரல் முதல் பக்கத்தோடு நின்றுவிடும். போட்டோ3இல் இதற்காகவே பேஜினேட்டர் இருக்கிறது, ஆனால் அதை நாம்தான் கூப்பிட வேண்டும். கூகுளின் பைத்தான் லைப்ரரியில் ஒரு ஃபார் லூப் போட்டால் அடுத்தடுத்த பக்கங்களை அதுவே கொண்டுவந்துவிடும். அங்கே பழகியவர்கள் இங்கே சறுக்குவது இயல்பு. சிறிய கணக்கில் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. 101ஆவது டேட்டாபேஸ் வரும் நாளில்தான் பட்டியல் பொய்யாகத் தொடங்கும்.

அனுமதியும் இதே போலத்தான். அஷூர் ரிசோர்ஸ் கிராஃபில் உங்களுக்குப் படிக்கும் உரிமை இல்லாதவை பதிலில் வராமலே போகும். காலியாக வந்த பதிலுக்கு ‘ஒன்றும் இல்லை’ என்றும் பொருள் இருக்கலாம், ‘உனக்குக் காட்ட மாட்டேன்’ என்றும் பொருள் இருக்கலாம். எந்த அடையாளத்தில் நிரல் ஓடியது என்பதைப் பட்டியலிலேயே எழுதி வையுங்கள்.

நம்பிக்கை: எல்லாவற்றுக்கும் டேக் போட்டுவிட்டால் டேக் வைத்தே கணக்கு எடுக்கலாம்.

உண்மை: அமேசானின் டேக்கிங் ஏபிஐ, டேக் உள்ளவற்றையும் முன்பு எப்போதாவது டேக் போடப்பட்டவற்றையும் மட்டுமே தரும். ஒருபோதும் டேக் போடாதவை அதன் கண்ணிலேயே படாது. அவசரத்தில் யாரோ கன்சோலில் கையால் உருவாக்கிவிட்டு மறந்தவையோ பெரும்பாலும் டேக் இல்லாதவை. நாம் தேடுவதும் அவற்றைத்தான். இப்படி மறந்தவற்றுக்குச் செலவும் தொடரும். இசி2 சர்வரை அழித்தாலும், பிறகு இணைத்த இபிஎஸ் டிஸ்க் தானாக அழிவதில்லை. அதற்கான கட்டணமும் நிற்பதில்லை. அமேசானில் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம், பயன்படுத்தினாலும் சும்மா கிடந்தாலும். 30 நாள் மாதத்துக்கு 3.60 டாலர். ஒன்றுக்குச் சிறிய தொகைதான். கேட்பாரற்றுக் கிடப்பவை பெருகும்போது அப்படிச் சொல்ல முடியாது.

நம்பிக்கை: கூகுளின் கிளவுட் அசெட் இன்வென்டரி இருந்தால் கவலையில்லை.

உண்மை: அருமையான சேவை. நிறுவனம் முழுவதையும் ஒரே கேள்வியில் கேட்க முடிவது பெரிய வசதி. ஆனால் அது ஆதரிக்கும் வகைகளுக்கென்று ஒரு வரையறை உண்டு. அதற்கு வெளியே இருப்பவை வராது. அசெட்களைப் பட்டியலிடும்போது எந்த வகை உள்ளடக்கம் வேண்டும் என்று சொல்லாவிட்டால், அசெட்டின் பெயரைத் தாண்டி விவரம் கிடைக்காது. தேடல் வசதியோ சற்றுத் தாமதித்துப் புதுப்பிக்கப்படுவது. இந்த நொடி உருவாக்கியது அடுத்த நொடியே அதில் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

நம்பிக்கை: பழைய நிலையை எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் பார்க்கலாம்.

உண்மை: கூகுளின் அசெட் இன்வென்டரி 35 நாள் வரலாறு வைத்திருக்கும். அஷூர் ரிசோர்ஸ் கிராஃபில் மாற்றங்களின் வரலாறு 14 நாள். அமேசானின் கான்ஃபிக் சேவை, அதன் ரெக்கார்டரை நீங்கள் இயக்கிய நாளிலிருந்துதான் பதிவு செய்யும். ஆண்டுத் தணிக்கைக்கு வேண்டுமென்றால் இப்போதே பிக்குவெரியிலோ வேறு சேமிப்பிலோ நாள்தோறும் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும்.

உங்கள் நிரலைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வழக்கமாக யாரும் தொடாத ரீஜனில், டேக் எதுவும் இல்லாமல், மிகச் சிறிய டிஸ்க் ஒன்றை வேண்டுமென்றே உருவாக்குங்கள். பிறகு நிரலை ஓட்டுங்கள். அந்த டிஸ்க் பட்டியலில் வரவில்லை என்றால், அது வரும்வரை அந்தப் பட்டியலை யாருக்கும் அனுப்பாதீர்கள். சோதனை முடிந்ததும் டிஸ்கை மறக்காமல் அழித்துவிடுங்கள்.