கன்று ஈன்ற மாடுகளுக்குத் தீவனப் பராமரிப்பு

கலப்பினப் பசு கன்று ஈன்ற 6 முதல் 8 வாரங்களில் உச்ச அளவில் பால் கறக்கும். ஆனால் அது முழு அளவில் தீனி எடுப்பது 10 முதல் 12 வாரங்களில்தான். இந்த இடைக்காலத்தில், தின்னும் தீனியில் கிடைக்கும் சத்தைவிடப் பாலில் வெளியேறும் சத்து அதிகம். இதை ஈடுகட்ட மாடு தன் உடற்கொழுப்பைக் கரைக்கிறது. எனவே சற்று மெலிவது இயல்பே. அளவு மீறி மெலிந்தால் பால் குறையும். மாடு பருவத்திற்கு வருவதும் அடுத்த ஈற்றும் தள்ளிப்போகும்.

கீட்டோசிஸ்: கொழுப்பு மிகுதியாகக் கரையும்போது, கீட்டோன் என்னும் பொருள்கள் ஈரலில் உண்டாகி இரத்தத்தில் சேருகின்றன. மாடு அடர்தீவனத்தை ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் தின்னும். பால் குறையும். மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வீசும். சினைக் காலத்தில் அதிகமாகக் கொழுத்த மாடுகளுக்கு இந்நோய் எளிதில் வரும்.

பால் காய்ச்சல்: பெயர்தான் காய்ச்சல், உடல் சில்லிட்டுப் போகும். ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வெளியேறுகிறது. மாட்டின் இரத்தத்தில் இருப்பதோ சுமார் 3 கிராம்தான். எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் உடனே ஈடாகாவிட்டால் மாடு விழுந்துவிடும். கன்று ஈன்ற மூன்று நாட்களுக்குள், காது சில்லிட்டு, கழுத்தை விலாப்புறம் மடக்கிப் படுத்துவிட்டால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இரத்தக் குழாயில் கால்சியம் மருந்து ஏற்றினால் பெரும்பாலான மாடுகள் எழுந்துவிடும். படுத்த மாட்டிற்கு வாய்வழியே கஞ்சியோ கஷாயமோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகும்.

தீவன அளவு: உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ அடர்தீவனமும், கறக்கும் ஒவ்வொரு 2.5 லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோவும் தேவை. இதன்படி 10 லிட்டர் கறக்கும் மாட்டிற்கு நாளொன்றுக்கு 5.5 கிலோ ஆகும். இதை ஒரே நாளில் கொடுத்துவிடாமல், நாளுக்கு அரை கிலோவுக்கு மிகாமல் கூட்டிவந்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். சத்துக்காக என்று சோறு, கஞ்சியை அதிகம் வைத்தால் வயிற்றில் புளிப்பு ஏறி மாடு தீனியையே நிறுத்திவிடும்.

பசுந்தீவனத்தில் கம்பு நேப்பியர் புல் மூன்று பங்கும், வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனம் ஒரு பங்கும் இருப்பது நல்லது. கன்று ஈன்ற பின் தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவையும், எந்நேரமும் சுத்தமான தண்ணீரும் அவசியம்.

முதல் மூன்று மாதம் தீவனத்தில் செய்யும் சிக்கனம், அந்த ஈற்று முழுவதும் பாலில் நஷ்டமாகவே முடியும்.