வண்ணத்துப்பூச்சியின் பெயர்

கறிவேப்பிலை மரம் நிற்கும் வீட்டுத் தோட்டங்களில் கரிய நிறமுள்ள வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து உலவுதலை மாணவர் பலரும் கண்டிருப்பர். அதன் பின்சிறகுகளின் குறுக்கே வெண்புள்ளிகள் வரிசையாய் அமைந்திருக்கும். சிறகின் முடிவில் வால்போன்ற நீட்சி ஒன்று காணப்படும். ‘இதன் பெயர் யாது?’ என வினவினால், பட்டாம்பூச்சி என்பார் ஒருவர். வண்ணத்துப்பூச்சி என்பார் மற்றொருவர். தென்மாவட்டத்துச் சிறுவர் பாப்பாத்தி என்பர். ஈழத்தார் வண்ணாத்திப்பூச்சி என்பர். இவை யாவும் இனம் முழுமைக்கும் உரிய பொதுப்பெயர்களே. அந்த ஒன்றற்கே உரிய சிறப்புப்பெயர் யாது? எளிதாகத் தோன்றும் இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்க்கு நூறாண்டிற்கு மேல் ஆயிற்று.

சுவீடன் நாட்டில் தோன்றிய லின்னேயஸ் என்னும் பேரறிஞர், உயிர் ஒவ்வொன்றிற்கும் இருசொற்பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டினார். முதற்சொல் பேரினத்தையும் இரண்டாம் சொல் சிற்றினத்தையும் உணர்த்தும். அவர் இயற்றிய ‘சிஸ்டமா நாச்சுரே’ என்னும் நூலின் பத்தாம் பதிப்பு 1758-ஆம் ஆண்டு வெளிவந்தது. விலங்குகளின் பெயர்வழக்கிற்கு அதுவே இன்றளவும் தொடக்கநூலாகக் கொள்ளப்படுகின்றது. அந்நூலில் வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தும் பப்பிலியோ என்னும் ஒரே பேரினத்துள் அடங்கின. சிற்றினப் பெயர்கள் பலவற்றை அவர் கிரேக்கக் காவியங்களிலிருந்து எடுத்துக்கொண்டார். ஹெக்டார், பாலிட்டிஸ், பம்மோன் என்னும் மூவரும் டிராய் நகர மன்னனாகிய பிரியமின் மைந்தர், மூவரும் பூச்சிகளாயினர்! பெயர் தேடி இளைத்தவர்க்குக் காவியம் கைகொடுத்தது போலும்.

இங்குத்தான் சிக்கல் எழுந்தது. ஆசியாவிலிருந்து சென்ற உலர்ந்த பூச்சிகளையே அவர் ஆராய்ந்தார். அவை பறத்தலையோ முட்டையிடுதலையோ கண்டாரல்லர். ஆதலின் வெண்புள்ளி வரிசை உடையதனைப் பம்மோன் என்றும், பின்சிறகில் வெள்ளைத் திட்டும் செம்பிறைகளும் உடையதனைப் பாலிட்டிஸ் என்றும் வேறாக்கிப் பெயரிட்டார். 1775-இல் கிராமர் என்பார், செம்புள்ளிகள் மிகுந்த மற்றொன்றினை ரோமுலஸ் என்றார். மூன்று பூச்சிகள், மூன்று பெயர்கள்.

மலேயாத் தீவுக்கூட்டத்தில் 1854 முதல் 1862 வரை எட்டாண்டுகள் அலைந்து ஆராய்ந்த வாலஸ் என்னும் ஆங்கிலேயர், இவை மூன்றும் ஒன்றே என்று 1865-இல் விளக்கினார். பம்மோன் ஆண், ஏனைய இரண்டும் அதன் பெண்ணின் வேறுவேறு வடிவங்கள். ஆணைப்போலவே தோன்றும் பெண்ணும் உண்டு. ஒரு பெண்ணினம் இத்தனை கோலம் கொள்வானேன்? ஆடுதின்னாப்பாளை முதலிய செடிகளைத் தின்று வளரும் வேறு சில வண்ணத்துப்பூச்சிகள் நஞ்சுடையன; அவற்றைப் பறவைகள் தீண்டுவதில்லை. நஞ்சில்லாத இப்பெண்பூச்சி அவற்றின் வேடத்தைப் புனைந்துகொண்டு உயிர் தப்புகின்றது. அவ்வாறு ரோமுலஸ் வடிவம் போலி செய்வது ஹெக்டாரையே. உடன்பிறந்தான் பெயரை லின்னேயஸ் அறியாமலே பொருத்தமாக இட்டுவிட்டார்!

மூன்று பெயருள் எதனைக் கொள்வது? இதற்கு விதி வேண்டும் அன்றோ? 1842-இல் ஸ்டிரிக்லண்ட் என்பார் தலைமையில், டார்வினும் உறுப்பினராயிருந்த குழு ஒன்று பெயரிடும் விதிகளைத் தொகுத்தது. 1895-இல் இதற்கென அனைத்துலக ஆணையம் ஒன்று அமைந்தது. முந்திய பெயரே செல்லும் என்பது தலையாய விதி. ஆதலின் 1775-ஆம் ஆண்டுப் பெயர் வீழ்ந்தது. எஞ்சிய இரண்டும் ஒரே நூலில் ஒரே நாளில் பிறந்தவை. அத்தகைய இடத்தில், இரண்டும் ஒன்றென உணர்ந்து அவற்றுள் ஒன்றை முதன்முதல் தேர்ந்தவர் கொண்டதே நிலைபெறும் என்பது விதி. நூலில் எது முன்னுள்ளது என்பதைப் பாரார். இன்று நிற்கும் பெயர் பப்பிலியோ பாலிட்டிஸ் என்பதாகும்.

பெயர் எதுவாயினும் பூச்சி பறக்கத்தானே செய்யும் என்பார் உளர். ஹெக்டாரின் வரலாறு அவர்க்கு விடை கூறும். லின்னேயஸ் அதனைப் பப்பிலியோ ஹெக்டார் என்றார். பின்வந்தோர் அதனைப் பொலிடோரஸ் என்றும், அட்ரோபனியூரா என்றும், பாக்லியோப்டா என்றும் பேரினம் மாற்றினர். ஹெக்டார் என்னும் இரண்டாம் சொல் மட்டும் மாறவில்லை. 1972-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், நெடுங்காலம் அது பொலிடோரஸ் ஹெக்டார் என்றே காணப்பட்டது. அறிவியல் நூல்களோ வேறு பெயர் கூறின. அதனைப் பிடித்து விற்க முயல்வோன், ‘இப்பெயர் சட்டத்தில் இல்லையே’ என வழக்காடினால், இரண்டும் ஒன்றென்பதை அறிந்த அலுவலரே அவனைத் தடுக்க இயலும். அதனைப் போலி செய்யும் பெண்பூச்சியை ஹெக்டார் என மயங்கி, குற்றமற்றவனைப் பிடித்தலும் கூடும். உடல் சிவந்திருப்பின் ஹெக்டார், கறுத்திருப்பின் பாலிட்டிஸ். இவ்வேறுபாட்டைச் சிவப்புடல் அழகி என்னும் தமிழ்ப்பெயர் ஒரே சொற்றொடரில் காட்டிவிடுகின்றது.

அறிவியற் பெயரிலும் குழப்பம் நேர்வதுண்டு. பிளெக்சிப்பஸ் என்னும் பெயர் அமெரிக்க நாட்டுப் பூச்சி ஒன்றற்கும், நம் நாட்டு வரியன் ஒன்றற்கும் வழங்கி வந்தது. 1954-இல் ஆணையம் அதனை அமெரிக்கப் பூச்சிக்கே உரிமையாக்கியது. நம் நாட்டதற்கு ஜெனூஷியா என்னும் பெயர் நிலைத்தது.

பொதுமக்கள் வழங்கும் பெயர்க்கோ இத்தகைய ஆணையம் இல்லை. நாம் முதலிற் கண்ட பூச்சியை ஆங்கிலத்தில் மார்மன் என்பர். பல மனைவியரைக் கொண்ட சமயப்பிரிவினர் ஒருவரை எண்ணி வைத்த வேடிக்கைப் பெயர் அது. தமிழில் அதனைக் கறிவேப்பிலை அழகி என்று வழங்கத் தொடங்கியுள்ளனர். புழு உண்ணும் இலையால் வந்த காரணப்பெயர் இது. எலுமிச்சை இலையும் அதற்கு உணவே. கறிவேப்பிலை உண்ணும் பூச்சி வேறும் உண்டு. எனினும் இழுக்கில்லை. முள்ளி என்னும் பெயர் முள்ளுடைமையால் வந்ததாயினும், முள்ளுடைய செடி அனைத்திற்கும் செல்லாமல் ஒன்றற்கே நிற்றலை இலக்கணம் காரண இடுகுறி என்கின்றது. கறிவேப்பிலை அழகியும் அவ்வகையே.

2019-இல் தமிழக அரசு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனைத் தேர்ந்தது. அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள இயோமன் என்னும் சொல், நிலமுடைய சிற்றுழவனைக் குறிப்பது. தமிழில் அவன் வீரனாயினான். ஆயினும் சிர்ரோக்ரோவா தையிஸ் என்னும் பெயரை அருகில் எழுதிவிட்டால், உழவனும் மறவனும் ஒரே பூச்சி என்பது எந்நாட்டு அறிஞர்க்கும் விளங்கும்.