திட்ட மதிப்பீட்டில் பலநிலைப் பகுப்பாய்வு

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952 அக்டோபரில் தொடங்கப்பட்டபோதே, அதன் பயன்களை ஆராயத் திட்ட மதிப்பீட்டு அமைப்பும் நிறுவப்பட்டது. அன்று முதல் மதிப்பீட்டாளர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: மக்களிடையே காணப்படும் மாற்றம் திட்டத்தால் விளைந்ததா, அல்லது ஊரின் இயல்பால் விளைந்ததா?

எடுத்துக்காட்டாக, 40 கிராமங்களில், கிராமத்துக்கு 25 வீதம் 1,000 குடும்பங்களிடம் விவரம் திரட்டப்படுவதாகக் கொள்வோம். ஓர் ஊரார் ஒரே கிணற்றையும், ஒரே பள்ளியையும், ஒரே ஊராட்சியையும் சார்ந்தவர்கள். ஆகவே அவர்களுடைய விடைகள் ஓரளவு ஒத்திருக்கும். ஆயிரம் விடைகளும் ஆயிரம் தனிச் சான்றுகள் ஆகமாட்டா. மொத்த வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு கிராமங்களுக்கு இடையிலானது எனில், சராசரியைக் கணிப்பதில் சிதறல் 1+(25–1)×0.1, அதாவது 3.4 மடங்காகிறது. 1,000 குடும்பங்கள் ஏறத்தாழ 294 தனிக் குடும்பங்களுக்கே நிகராகின்றன. இதனைக் கருதாவிடில், தற்செயலாகத் தோன்றிய வேறுபாடும் திட்டத்தின் வெற்றியாகக் கணக்கில் ஏறிவிடும். பொதுப்பணமும் அதன் பின்னே செல்லும்.

பலநிலைப் பகுப்பாய்வு இவ்விடரைக் களைய உதவுகிறது. குடும்பம், கிராமம், மாவட்டம் எனும் நிலைகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எழும் வேறுபாட்டை அது தனித்தனியே அளவிடுகிறது. சில குடும்பங்களே ஆராயப்பட்ட கிராமத்தின் சராசரியை, அனைத்துக் கிராமங்களின் பொதுச் சராசரியை நோக்கிச் சற்றே நகர்த்திக் கணிக்கிறது.

முடிவு எந்த நிலையில் எடுக்கப்படுகிறதோ, அந்த நிலையிலேயே சான்றை எண்ணுதல் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. அதன் விளைவை ஆராய்ந்து ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டூஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, மேற்கு வங்காளத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை உள்ளடக்கியது. பெண் தலைவர்கள் பெண்களின் தேவைகளோடு நேரடியாகத் தொடர்புடைய பணிகளில் கூடுதலாக முதலீடு செய்தனர் என்பது அதன் முடிவு. அங்குச் சான்றின் வலிமை ஊராட்சிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததேயன்றி, அவற்றில் வாழும் மக்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று.

எனினும், கணிதம் களப்பணியின் குறையை நிரப்பாது. வசதியான ஊர்களுக்கே திட்டம் சென்றிருந்தால், எப்பகுப்பாய்வும் தானே அதைச் சரிசெய்யாது. மேற்சொன்ன 1,000 குடும்பங்களை 100 கிராமங்களில், பத்துப் பத்தாகத் தேர்ந்திருந்தால், அவை 526 தனிக் குடும்பங்களுக்கு நிகராகியிருக்கும். எனவே, ஓர் ஊரில் பல வீடுகளை நாடுவதினும் பல ஊர்களை நாடுவதே, செலவு இடங்கொடுக்கும் அளவில், சிறந்த நெறியாகும்.